சம்பளமில்லா லீவையும் எழுதித்தான் கேட்க வேண்டும்



இந்த முறை நாம் படிக்கப்போகும் பாடம் லீவைப் பற்றியது. லீவு என்றதும் தீபாவளி, பொங்கல், தேர்த் திருவிழா என்று நினைத்துவிட வேண்டாம். தாயோ தகப்பனோ படுக்கையில் விழுந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், வீட்டுக்காரருக்கு ஒப்பரேசன் என்று ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்க வேண்டி வந்தால், நமக்கே உடம்புக்கு ஏலாமல் போனால், மலைக்குப் போகாமல் வீட்டில் நின்றுவிடுகிறோமே, அந்த லீவு. பேர் விழாது, சம்பளம் கிடையாது. ஆபீசில் இதை 'நோ பே' என்பார்கள்.

"சம்பளமே இல்லாத லீவுக்கு என்னத்துக்குங்க கடிதம்? வேல செஞ்சா காசு, செய்யலன்னா இல்ல. அவ்வளவுதானே?" லயத்துக் கூட்டங்களில் நம்மிடம் இப்படிக் கேட்காதவர்கள் குறைவு. கேட்பதில் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரியும். காசு கொடுக்காத ஒருவரிடம் எதற்கு அனுமதி கேட்பது? ஆனால் அந்தக் கடிதம் இல்லாததால் எவ்வளவு பணம் கைவிட்டுப் போகிறது என்று சேவைக்காலப் பணம் வாங்கும் அன்றைக்குத்தான் பலருக்குத் தெரியவருகிறது.

ஒரு அக்காவின் கணக்கு

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்த அக்கா ஒருவர். பெயரும் தோட்டமும் இங்கே வேண்டாம். 1998இல், பதினெட்டு வயதில், பேர் பதிந்தவர். 2012இல் அவருடைய தாயாருக்குப் புற்றுநோய் என்று தெரிந்து மகரகம ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தம்பிமார் இரண்டு பேரும் கொழும்பில் கடை வேலை. கிழவியோடு நிற்க வேறு ஆள் இல்லை. அக்கா அன்று பின்னேரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கங்காணியிடம், "அண்ணே, அம்மாவுக்கு ரொம்ப ஏலாம இருக்கு. நான் கூடப் போறேன். ஆபீசுல சொல்லிருங்க" என்று சொன்னார். கங்காணியும் நல்ல மனிதர்தான். "சரி, நீ போய்ட்டு வா" என்றார். அவர் ஆபீசில் சொன்னாரா, சொல்லி யாராவது எழுதி வைத்தார்களா என்பது இன்றுவரை தெரியாது.

நான்கு மாதம் கழித்து, தாயை அடக்கம் பண்ணிக் காரியமும் முடித்து, பிரட்டுக்குப் போனார். செக்ரோலில் அவருடைய பேர் இல்லை. ஆபீசில் மறுபடியும் பேர் பதிந்து புது நம்பர் கொடுத்தார்கள். யாரும் ஏசவில்லை, விரட்டவில்லை. வேலை திரும்பக் கிடைத்ததே என்ற நிம்மதியில் அவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் புது நம்பர்தான் வினையாகிப்போனது.

2025இல் முழங்கால் நோவு தாங்காமல் அக்கா வேலையை விட்டார். சேவைக்காலப் பணக் கணக்கு வந்தபோது அதில் 13 வருடம் என்றிருந்தது. 27 வருடம் மலை ஏறிய மனுசிக்கு 13 வருடம்!

கணக்கைப் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என்ற வீதத்தில், கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துப் பணம் கொடுக்க வேண்டும். 2024இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1350 ரூபாவாக்கியது. அக்கா வேலையை விடும்போது அதுதான் அவருடைய நாட்சம்பளம். 13 வருடத்துக்கு 182 நாள், 245,700 ரூபா. 27 வருடம் என்றால் 378 நாள், 510,300 ரூபா. இடையில் விடுபட்டது 264,600 ரூபா. ஒரு வீட்டுக்குக் கூரை போட்டு, பிள்ளையொன்றைக் கரையேற்றக்கூடிய பணம்.

சரி, அந்தப் பழைய 14 வருடத்துக்கு 2012இலேயே கணக்கு முடித்துக் கொடுத்திருந்தால்? அப்போது அடிப்படைச் சம்பளம் 380 ரூபா. 196 நாளுக்கு 74,480 ரூபாதான் வந்திருக்கும். அதையும் யாரும் கொடுக்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது.

இப்போது அவருடைய விஷயம் தொழில் திணைக்களத்துக்குப் போயிருக்கிறது. நாமும் கூடப் போனோம். அங்கே இருந்த உத்தியோகத்தர் கேட்ட முதல் கேள்வி, "லீவு எடுத்ததற்கு ஏதாவது கடிதம் இருக்கிறதா?" என்பதுதான். அக்காவிடம் இருந்தது ஒரு பிஸ்கட் டின். அதற்குள்ளே தாயாரின் கிளினிக் கொப்பியும் ஆஸ்பத்திரி துண்டுகளும். நல்லவேளை, துக்கத்தில் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். அந்தத் தேதிகளை வைத்துத்தான் இன்று வழக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் முடிவு வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

நேரடியாகச் சொல்லிவிடுகிறோம். தோட்டத் தொழிலாளிக்குக் குடும்பத்தில் நோய் என்றால் இத்தனை நாள் சம்பளமில்லா லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று தனியாக ஒரு சட்டம் இலங்கையில் இல்லை. நம்முடைய தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிற டீச்சர் அரசாங்க உத்தியோகத்தர். அவருக்குப் பிரசவம் என்றால் 84 நாள் முழுச் சம்பளம், பிறகு விரும்பினால் 84 நாள் அரைச் சம்பளம், அதற்கும் பிறகு 84 நாள் சம்பளமில்லா லீவு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கொழும்பில் கடைகளில் நிற்கிற நம்முடைய பிள்ளைகளுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய லீவும் உண்டு. (இதை அவர்களிடம் சொல்லி வையுங்கள். முதலாளி சொல்லமாட்டார்.) மலையில் கூடை சுமக்கிறவருக்கு அப்படி ஒரு வரி இல்லை. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வோம். ஆனால் இல்லாததை இருக்கிறது என்று சொல்லி உங்களை ஆபீசுக்கு அனுப்பினால் அவமானப்பட்டுத் திரும்புவது நீங்கள்தான்.

அப்படியானால் நமக்கு என்னதான் இருக்கிறது? மேலே சொன்ன பணிக்கொடைச் சட்டத்துக்குள்ளேயே ஒரு முக்கியமான சொல் இருக்கிறது. சேவைக்காலம் அறுபடாமல் இருக்க வேண்டும் என்று சொல்லுகிற அந்தச் சட்டம், 'அங்கீகரிக்கப்பட்ட லீவு' எடுத்ததால் வேலை இடையில் நின்றிருந்தால் அதை அறுபட்டதாக எடுக்கக்கூடாது என்கிறது. அங்கீகரிக்கப்பட்டது என்றால் தோட்ட நிர்வாகம் சரி என்று ஒப்புக்கொண்டது. அது சம்பளத்தோடா, சம்பளம் இல்லாமலா என்பது இங்கே கேள்வி இல்லை. ஒப்புக்கொண்ட லீவு என்றால் 1998இல் தொடங்கிய சேவை 2025 வரை ஒரே நூல்தான். ஒப்புக்கொள்ளாமல், சொல்லாமல் நின்றுவிட்டால் அது லீவு இல்லை. வராமல் விட்டது. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு தாள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நிறைய நாள் வராதவரை 'வேலையைக் கைவிட்டுப் போனவர்' என்று நிர்வாகம் எழுதிவிடலாம். ஆனால் வேலையைக் கைவிட்டார் என்று காட்டுவதற்கு, ஆள் வரவில்லை என்பது மட்டும் போதாது. திரும்பி வருகிற எண்ணம் அவருக்கு இல்லை என்பதும் தெரிய வேண்டும். இது நம்முடைய தொழில் வழக்குகளில் நீண்டகாலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம். "இன்ன தேதிக்குத் திரும்பி வேலைக்கு வருவேன்" என்று கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று ஆபீசில் இருந்தால், எண்ணம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

நோ பே போட வேண்டாத இடத்தில் போடாதீர்கள்

சம்பளமில்லா லீவு கேட்க முன்பு, இது சம்பளத்தோடோ நட்டஈட்டோடோ வர வேண்டிய நாளா என்று பாருங்கள். இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் அதிகமாக ஏமாந்து போகிறார்கள்.

பிரசவ லீவு சம்பளமில்லா லீவு அல்ல. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க பிரசவ நன்மைகள் சட்டம் இருக்கிறது. முன்பு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 84 நாள், மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள் என்றிருந்தது. 2018ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றிவிட்டது. இப்போது எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள்தான். பிரசவத்துக்கு முன் 14 நாள், பின் 70 நாள். இது வந்து இத்தனை வருடமாகியும், "எனக்கு மூணாவதுங்க, ஒன்றரை மாசந்தானே" என்று சொல்லிக்கொண்டு பச்சை உடம்போடு கொழுந்துக்கு வந்த தாயை நாம் கண்டிருக்கிறோம். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டால், "மாமியார் சொன்னாங்க" என்றார். மாமியாருக்குத் தெரிந்தது அவர் காலத்துச் சட்டம்.

பிள்ளை பிறந்த பிறகும் ஒரு விஷயம் உண்டு. ஒரு வயது முடியாத பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு, வேலை நாளில் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் கொடுக்க வேண்டும். பிள்ளை மடுவம் உள்ள இடத்தில் ஒவ்வொரு தடவையும் அரைமணித்தியாலம். மடுவம் இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இது தாய்க்கு யாரும் போடுகிற தயவு இல்லை. கர்ப்பமாக இருக்கிறாள், பிள்ளை பெற்றாள் என்பதற்காக ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தவும் முடியாது.

தகப்பன்மாருக்கு? அரசாங்க வேலையில் உள்ளவருக்கு மூன்று நாள் உண்டு. தோட்டத்தில் வேலை செய்கிற தகப்பனுக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிற நாட்களில் தன்னுடைய வருடாந்த லீவிலிருந்து எடுக்கலாம், அல்லது நோ பே எழுதிக் கொடுக்கலாம்.

அடுத்தது வேலைத்தளத்தில் காயப்படுவது. குளவி கொட்டினால், மலையில் சறுக்கி விழுந்தால், கவ்வாத்துக் கத்தி பட்டால், ஸ்டோரில் மெசினில் கை மாட்டினால், வீட்டில் இருக்கிற அந்த நாட்களை நோ பே என்று எழுதிக் கொடுக்கவே கூடாது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. குளவி கொட்டிய அன்றே கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, ஆபீசில் விபத்து என்று பதியச் செய்யுங்கள். ஆஸ்பத்திரியிலும் "மலையில் வேலை செய்யும்போது கொட்டியது" என்று சொல்லி டிக்கட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து வீங்கினால், லயத்தில் கொட்டியது என்று சொல்லிவிடுவார்கள். குளவிக்கு மலை, லயம் என்ற வித்தியாசம் தெரியாது. கணக்குக்குத் தெரியும்.

வருடாந்த லீவையும் மறக்க வேண்டாம். போன வருடம் எத்தனை நாள் வேலை செய்தோம் என்பதைப் பொறுத்து இந்த வருடம் சம்பளத்தோடு லீவு சேருகிறது. எத்தனை நாள் மீதி இருக்கிறது என்று ஆபீசில் கேட்டு, அதைக் கழித்துவிட்டு, மிச்ச நாட்களுக்கு மட்டும் நோ பே கேளுங்கள். நோ பே நாள் கூடக் கூட அடுத்த வருட லீவு குறையும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பிள்ளையை நிறுத்தாதீர்கள்

இதை எழுதும்போது நமக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல். மடுவத்தில் சேர்க்க மாட்டார்கள், சேர்க்கவும் கூடாது. தாய்க்குக் கொழுந்து, தகப்பனுக்கு மருந்தடிக்கிற வேலை. வீட்டில் யார் நிற்பது? நம்முடைய லயங்களில் இதற்கு ஒரே விடை. ஏழாம் வகுப்பு படிக்கிற பெரிய பெண் பிள்ளை நிற்கும். ஒரு நாள் இரண்டாகும், இரண்டு ஒரு கிழமையாகும். பாட்டிக்குக் கண் தெரியாமல் போனால் பாட்டியைப் பார்க்கவும் அதே பிள்ளை. ஒரு தடவை வீட்டில் நின்று பழகிய பிள்ளையை மறுபடி ஸ்கூலுக்கு அனுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று அதிபரிடம் கேட்டால் சொல்வார்.

ஒரு நாள் பேர் போனால் ஆயிரத்துச் சொச்சம் போகிறது. அது பெரிய காசுதான், நமக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் தாயோ தகப்பனோ ஒருவர் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுகொள்ளலாம். முதல் நாள் தாய், இரண்டாம் நாள் தகப்பன் என்று மாறியும் நிற்கலாம். "ஆம்பள எப்புடிங்க காய்ச்சப் புள்ளயப் பாக்குறது?" என்று ஒரு அண்ணன் நம்மிடம் கேட்டார். பெனடோல் பாணியை அளந்து கொடுக்க மீசை தடையில்லை என்று சொன்னோம். சிரித்துவிட்டுப் போனார். நின்றாரா என்று தெரியாது.

எப்படிக் கேட்பது

கடிதம் தமிழிலேயே எழுதலாம். கொப்பித் தாள் போதும். எழுதத் தெரியாதவர்கள் ஓ.எல். படிக்கிற பிள்ளையிடம் சொல்லி எழுதிக்கொண்டு, கீழே கைநாட்டு வைக்கலாம். என்ன காரணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தத் தேதியில் திரும்பி வேலைக்கு வருவோம், இந்த நான்கும் இருந்தால் கடிதம் சரி. காரணத்தைக் கூட்டியும் சொல்ல வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றை ஆபீசில் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கிளாக்கர் ஐயா கையெழுத்துப் போட்டால் கடிதம் ஆபீசுக்குக் கிடைத்தது என்று அர்த்தம். லீவு சரி என்று பெரிய துரை எழுதினால்தான் அது அங்கீகரித்த லீவு. ஆகவே இரண்டு நாளில் போய், "ஐயா, என்னோட லீவு சைன் ஆகியிருக்குங்களா?" என்று பணிவாகக் கேட்டு, சைன் ஆன பிரதியை வாங்கிவிடுங்கள்.

அவசரம் என்றால்? நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தவரை லொறியில் ஏற்றும்போது யார் கடிதம் எழுதுவது? முதலில் ஆளைக் காப்பாற்றுங்கள். மறுநாள் வீட்டில் இருக்கிற ஒருவரிடம் கடிதத்தைக் கொடுத்து அனுப்புங்கள். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஆஸ்பத்திரி டிக்கட்டைப் படம் எடுத்துக் கணக்கப்பிள்ளைக்கு அனுப்பினால் நல்லதுதான். ஆனால் அது கடிதத்துக்குப் பதில் ஆகாது. போன் தண்ணீரில் விழுந்தால் படமும் போய்விடும். கண்டியிலோ மகரகமவிலோ இருந்து கொண்டு எழுத வேண்டி வந்தால், அங்கேயுள்ள தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் அனுப்பி அந்தத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நம் ஆட்கள் வழக்கமாகத் தவறுகிற இடம். இரண்டு கிழமை லீவு எழுதிக் கொடுப்பார்கள். நோய் இரண்டு மாதம் இழுக்கும். முதல் கடிதத்தோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். முதல் இரண்டு கிழமை லீவு. மிச்ச ஆறு கிழமை வராமல் விட்டதுதான். ஆகவே கடிதத்தில் போட்ட தேதி முடிகிறதற்கு முன்பே இன்னொரு கடிதம் எழுதுங்கள். நமக்குத் தெரிந்த ஒரு கவ்வாத்துக்கார அண்ணன், மனைவிக்குக் கண்டியில் ஒப்பரேசன் செய்து படுக்கையில் இருந்தபோது, ஆறு கிழமையில் மூன்று கடிதம் எழுதினார். மூன்றிலும் துரையின் சைன். "வேற வேல இல்லாம எழுதுறான்னு சிரிச்சாங்க, சிரிக்கட்டுமே" என்றார். அவருடைய நம்பர் மாறவில்லை.

நோயாளியின் பக்கத்துத் துண்டுகளையும் சேர்த்து வையுங்கள். தோட்டத்து டாக்டர் ஐயா கொடுத்த துண்டு, ஆஸ்பத்திரிக்கு மாற்றிய கடிதம், டிக்கட், கிளினிக் கொப்பி, வெளியேறும்போது தருகிற நோய் விபர அட்டை. துணைக்கு நின்றவர் தன்னுடைய பெயரையும் எங்காவது எழுதித் தரச் சொல்லி வார்டில் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

காசுப் பக்கம்

மாதம் 25 நாள் வேலை செய்கிறவர் முழு மாதம் நோ பே என்றால், 2024இல் நிர்ணயித்த 1350 ரூபாக் கணக்கில் 33,750 ரூபா போகிறது. அதோடு நின்றுவிடவில்லை. சம்பளம் இல்லாத மாதத்துக்கு ஊழியர் சேமலாப நிதியில் நிர்வாகம் போடுகிற 12 சதவீதமும், அதாவது 4050 ரூபாவும் இல்லை. ஊழியர் நம்பிக்கை நிதியில் போடுகிற 3 சதவீதமும் இல்லை. இது தெரிந்திருந்தால், தேவையான நாளைக் கேட்போம், தேவையில்லாத நாளை நீட்டமாட்டோம்.

தீபாவளி அட்வான்ஸ் மீதி இருந்தால் திரும்பி வருகிற மாதத்தில் இரண்டு மூன்று மாதப் பிடிப்பும் ஒன்றாக விழும். சம்பளத் துண்டைப் பார்த்து அழுது பயனில்லை. லீவுக் கடிதத்திலேயே, பிடிப்பைப் பகுதி பகுதியாகப் போடும்படி ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் கேட்டவர்களுக்குக் கொடுத்ததை நாம் கண்டிருக்கிறோம்.

கைக்காசுக்கு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேர் பதியாமல் கைக்காசு வாங்குகிறவருக்கு லீவு கேட்கிற ஆபீசே இல்லாதது போலத்தான். ஆனாலும் 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக வேலையாளுக்கும் பொருந்தும். எந்த நாள், எந்த மலை, எவ்வளவு காசு என்று ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

முடியாது என்று சொன்னால்

துரை லீவு தரவில்லை என்றால் கோபித்துக்கொண்டு போய்விடாதீர்கள். கடிதத்தைத் திருப்பி வாங்கிக் கிழித்துப்போடவும் வேண்டாம். ஏன் முடியாது என்று கேளுங்கள். சில நேரம் கொழுந்து வருகிற மாதம், ஆள் பற்றாக்குறை என்பார்கள். ஒரு கிழமை குறைத்துக் கேட்டால் ஒத்துக்கொள்ளக்கூடும். தலைவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். நாமும் வருவோம், அதற்குத்தான் நமக்கு இந்த உத்தியோகம். அப்படியும் சரிவராமல் போய், நோயாளியை விட்டு வரவே முடியாத நிலை என்றால், அந்த நிலையையும் திரும்பி வருகிற தேதியையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுப் போங்கள். அது அங்கீகரித்த லீவு ஆகிவிடாது. ஆனால் வேலையைக் கைவிட்டுப் போகவில்லை என்பதற்கு அது சாட்சி.

நீங்கள் இல்லாத நேரத்தில், "இன்ன தேதிக்குள் வராவிட்டால் வேலையைக் கைவிட்டதாக எடுக்கப்படும்" என்று லயத்துக்குக் கடிதம் வரலாம். வீட்டில் இருக்கிறவர்கள் அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைக்காமல், அன்றைக்கே போன் பண்ணிச் சொல்லுங்கள். உடனே பதில் எழுத வேண்டும். திரும்பி வந்து புது நம்பர் தருகிறோம் என்றால், சைன் வைக்க முன்பு பழைய சேவை சேருமா என்று கேளுங்கள். சேராது என்றால் தலைவரிடமும் மாவட்டத் தொழில் அலுவலகத்திலும் சொல்லுங்கள்.

வேலையே போய்விட்டது என்றால் தொழில் நியாய சபைக்கு, நம் ஆட்கள் லேபர் கோர்ட் என்று சொல்கிற இடத்துக்கு, தொழிலாளி தானாகவும் போகலாம், அவருடைய சங்கமும் அவருக்காகப் போகலாம். ஆனால் காலம் பார்த்துப் போக வேண்டும். 2003ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு ஆறு மாதம்தான். "அடுத்த தேர் முடியட்டும்" என்று இருந்து ஆறு மாதத்தைத் தாண்டியவர்களுக்கு நம்மால் அதிகம் செய்ய முடியாமல் போயிருக்கிறது.

மாதிரிக் கடிதம் ஒன்றைக் கீழே தருகிறோம். இடைவெளியில் உங்களுடைய விபரத்தைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

..... தோட்டம்,
..... பிரிவு.
தேதி: .....

தோட்ட முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா,

சம்பளமில்லா லீவு கேட்டல்

நான் மேற்படி பிரிவில் ..... இலக்கத்தில் ..... வருடம் முதல் வேலை செய்து வருகிறேன். என்னுடைய தாயார் ..... நோயினால் ..... வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளார். அவருக்குத் துணையாக இருக்க வேறு ஆள் இல்லாதபடியால், ..... தேதி முதல் ..... தேதி வரை எனக்கு லீவு தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என்னுடைய வருடாந்த லீவில் மீதியுள்ள நாட்களை முதலில் கழித்து, மிச்ச நாட்களைச் சம்பளமில்லா லீவாகக் கணக்கிடவும். ..... தேதி காலை பிரட்டுக்கு வருவேன். மேலும் நாட்கள் தேவைப்பட்டால் அதற்கு முன் எழுதி அறிவிப்பேன்.

வைத்தியசாலைத் துண்டின் பிரதி இத்துடன் உண்டு. நான் இல்லாத காலத்தில் என்னுடன் தொடர்பு கொள்ள: ..... (வீட்டில் இருப்பவர் பெயர், போன் இலக்கம்)

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
.....
(கையொப்பம் அல்லது கைநாட்டு)

அலுவலகத்தில் பெற்றுக்கொண்டவர்: ..... தேதி: .....
முகாமையாளரின் அனுமதி: ..... தேதி: .....

கடைசி இரண்டு வரியையும் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். எழுதியிருந்தால் சைன் வைக்கிற இடம் தெரியும். வேலை இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லாமல் சம்பளத் துண்டைப் பார்த்து எழுதுங்கள். போன மாதம் ஒரு தம்பி தன்னுடைய இலக்கம் என்று எழுதிக் கொண்டுவந்தது அவருடைய அண்ணனின் இலக்கம்.